ஆற்றில் இறங்கிய கொமோடோ

அத்தியாயம் 14

போன வாரம் நந்தகோபால் கை அலம்பிக்கொண்டே சொன்ன ஒரே வாக்கியத்தில் மருமகள் தேவிகாவின் தூக்கம் போயிற்று. "வண்டி வரட்டும்மா, அப்புறம் பாக்கலாம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய ஒன்பது வருஷ உழைப்பு. ஆம்பூர் ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் உதவியாளராகச் சேர்ந்தவளை, ராணிப்பேட்டையில் திறக்கப்போகும் புது யூனிட்டுக்கு லேப் இன்சார்ஜாகப் போகச் சொல்கிறார்கள். ஆம்பூர் என்றால் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். ராணிப்பேட்டைக்கு அந்த வசதி கிடையாது. குடியாத்தத்திலிருந்து அறுபது கிலோமீட்டர், தானே கார் ஓட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று மேனேஜர் சௌமியா கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வண்டியும் இன்றுதான் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

நந்தகோபால் வீட்டில் கார் பேச்சு ஆறு மாதமாக நடக்கிறது. அவருக்குக் கார் வேண்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பங்காளி அன்பரசன். போன ஆடியில் குலதெய்வம் கும்பிடப் பாலாற்று மணலைத் தாண்டும்போது இவர்களுடைய பழைய சின்னக் கார் சிக்கிக்கொண்டது. அன்பரசன் தன் டிராக்டரால் இழுத்துவிட்டார். இழுத்ததோடு விட்டாரா? அதற்குப் பிறகு நடந்த ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து விடாமல் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லுங்கித் தறிகள் பன்னிரண்டு வைத்திருக்கும் நந்தகோபாலுக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது.

மகன் பார்த்திபனுக்குக் காரணம் வேறு. அவன் ஆறு மாதமாகச் சாப்பிடும்போதும் வண்டி வீடியோ பார்க்கிறான். காரின் டார்க், அதாவது இழுவிசை பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு அதைச் செய்தவனுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

தினமும் நூற்றியிருபது கிலோமீட்டர் ஓட்டப்போகிறவள் தேவிகா. அவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சத்துவாச்சாரி ஷோரூமிலிருந்து வந்திருந்த சதீஷ்குமார் மே மாத வெயிலிலும் டை கட்டியிருந்தான். வாசலில் வெள்ளையாக நின்றது 'பெலிக்கன்', ஏழு பேர் போகிற குடும்ப வண்டி. பக்கத்தில் பச்சை நிறத்தில், முதுகில் ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு நின்றது ராட்சத உடும்பின் பேர் வைத்த 'கொமோடோ', காடு மலையெல்லாம் ஏறுமாம். இரண்டும் சேர்ந்து தெருவை அடைத்துக்கொண்டதில், நூல் ஏற்றி வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக் களைத்துப்போய் இறங்கி வந்து தானும் வேடிக்கை பார்த்தார்.

"இதுல பனோரமிக் சன்ரூஃப் இருக்கு மேடம். பட்டனைத் தட்டுனா கூரை முழுக்கத் திறக்கும்" என்று சதீஷ்குமார் பெலிக்கனை மாமியார் பங்கஜத்திடம் அறிமுகப்படுத்தினான்.

பங்கஜம் ஒருமுறை வானத்தைப் பார்த்தாள். ஒருமுறை அவனைப் பார்த்தாள். "ஏன்ப்பா, வேலூர் வெயில யாராச்சும் காசு குடுத்து உள்ள வுடுவாங்களா?"

ஆட்டோக்காரர் முதல் ஆளாகச் சிரித்தார்.

சாவியைச் சதீஷ்குமார் நேராகப் பார்த்திபனிடம் கொடுத்தான். "மேடம், நீங்க பின்னாடி உக்காந்து கம்ஃபர்ட் பாருங்க" என்றான் தேவிகாவிடம். தேவிகா கைப்பையைத் திறந்து ஸ்டீல் ஸ்கேலை வெளியே எடுத்தாள். அவள் லேபில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அட்டையில் எழுதி வருகிற ஷூவை முதலில் தண்ணீர்த் தொட்டியில்தான் போடுவார்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்புவதற்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது.

"மைலேஜ் பதினெட்டுன்னு போட்டிருக்கே, எத்தன பேர் உக்காந்து? ஏசி போட்டா?"

"அது... டெஸ்ட் கண்டிஷன்ல மேடம்."

"சரி, அந்தக் கண்டிஷன் எனக்குத் தெரியும். நெசத்துல எவ்ளோ?"

சதீஷ்குமார் டையைத் தளர்த்திக்கொண்டான். "பன்னெண்டு, பதிமூணு வரும் மேடம். ஹைவேல கொஞ்சம் ஜாஸ்தி."

"இது பதில்" என்றாள் தேவிகா. அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. அவன் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறான், பாவம்.

அடுத்தது மூன்றாவது வரிசை. "ஏழு பேர்னா ஏழு பேர்தானே? நீங்க போய் உக்காருங்க" என்று ஆறடிக் கணவனை உள்ளே அனுப்பினாள். பார்த்திபன் மடங்கி, நெளிந்து, ஒரு வழியாக உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. "நல்லாதான் இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு அவனை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"பூட் ஸ்பேஸ் பாருங்க சார், சீட்டை மடக்குனா அறுநூறு லிட்டர்" என்று சதீஷ்குமார் நந்தகோபாலிடம் தஞ்சம் புகுந்தான்.

"லிட்டர் கணக்கு பாலுக்குப்பா. லுங்கிக் கட்டு எத்தன போவும்?"

அது பிரோஷரில் இல்லை. தறிக் கொட்டகையிலிருந்து கட்டுகள் வந்தன. சீட்டை மடக்கினால் பதினான்கு போயின. ஏழு சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் ஒன்றே ஒன்றுதான் போயிற்று, அதையும் பங்கஜம் முழங்கையால் குத்தி அடைத்தாள்.

"ஆளு போனா மூட்ட போவாது, மூட்ட போனா ஆளு போவாது. இன்னா வண்டி இது?" என்று நந்தகோபால் உதட்டைப் பிதுக்கினார். "சரி, அந்தப் பச்சைய ஆத்துல எறக்கிக் காட்டுப்பா. அதான் முக்கியம்."

பார்த்திபன் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. "வெத்து வண்டிய எறக்கக் கூடாது நைனா. ஆடியில பொங்கப் பான, ஆடு, அரிசி மூட்ட எல்லாம் போவும்ல? வெயிட்டோட பாக்கணும்."

கொமோடோவின் பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கி ஒன்பது கட்டு ஏற்றினார்கள். மீதிப் பாதியில் தேவிகாவும் சதீஷ்குமாரும். ஏறுவதற்கு முன் அவள் குனிந்து வண்டிக்கும் தரைக்கும் இடையே ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். காலியாக நின்றபோது ஒன்பது இன்ச் இருந்தது. இப்போது ஒன்றே முக்கால் இன்ச் குறைந்திருந்தது.

"பிரோஷர்ல இருக்கறது வெத்து வண்டிக்கு எடுத்த அளவுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. இது கொமோடோ."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். நந்தகோபால் புதுச் சாயம் எது வந்தாலும் மூன்று தண்ணீரில் அலசிப் பார்க்காமல் ஒரு லுங்கிகூட நெய்ய விடமாட்டார். பச்சைத் தண்ணீர், வெந்நீர், சோப்புத் தண்ணீர். சாயக்காரர் சத்தியம் செய்தாலும் கேட்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர் இந்த வண்டியின் முதுகில் ஒட்டியிருந்த 'ஆல் டெரெய்ன்', அதாவது எந்தத் தரையிலும் ஓடும் என்ற ஸ்டிக்கரை அப்படியே நம்பினார். பின்சீட்டில் லுங்கி மூட்டைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்த தேவிகாவுக்கு இது வியப்பாக இருந்தது. மணி அப்போது மூன்றே கால்.

பாலாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மெலிந்து கிடந்தது. மற்றதெல்லாம் மணல். பார்த்திபன் கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழைத் திருகினான். அதில் மணலுக்கு ஒரு படம், சேற்றுக்கு ஒரு படம், பனிக்கு ஒரு படம் போட்டிருந்தது. குடியாத்தத்தில் பனி பெய்யும் நாளுக்கும் அந்த வண்டி தயாராக இருந்தது.

"சாண்ட் மோடு நைனா" என்றான்.

"விடு" என்றார் நந்தகோபால்.

முதல் முப்பது அடி அமர்க்களமாகப் போயிற்று. நந்தகோபால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "அன்பரசன் இப்ப பாக்கணும்டா" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பார்த்திபன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். இன்ஜின் கத்தியது, மணல் பறந்தது, வண்டி உட்கார்ந்தது. மறுபடி மிதித்தான். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது.

எல்லாரும் இறங்கிப் பார்த்தார்கள். பின் சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்திருந்தன. முன் சக்கரங்கள் சும்மா நின்றன.

"முன்னாடி வீல் ஏன் சுத்தல?" என்று பார்த்திபன் கேட்டான்.

சதீஷ்குமார் மணலைப் பார்த்தான். "சார், இது டூ வீல் டிரைவ் வேரியண்ட். ஃபோர் வீல் டிரைவ்ல டெமோ வண்டி இன்னும் வரல."

"பின்ன அந்த சாண்ட் மோடு?"

"அது... இருக்கற ரெண்டு வீலுக்கு சார்."

நந்தகோபால் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. தேவிகாவுக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. செல்லில் மணியைப் பார்த்ததும் அது அடங்கிற்று. மூன்று ஐம்பது.

"அன்பரசன் சித்தப்பாவக் கூப்டலாமா?" என்று பார்த்திபன் மெல்லக் கேட்டான்.

"டேய், நான் இங்கியே கெடக்கேன், என்ன மணல் போட்டு மூடிட்டு நீங்க நடந்து போங்க. அவன மட்டும் கூப்டாத."

தேவிகா குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். டயர் கல்லைப்போல இறுக்கமாக இருந்தது. ஹைவேக்கு ஏற்றபடி காற்று நிரப்பியிருக்கிறார்கள். வழுக்குகிற ஷூவின் சோலுக்கு லேபில் என்ன செய்வார்கள்? தரையைத் தொடுகிற பரப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

"மூட்டைய மொதல்ல எறக்குங்க. நாலு டயர்லயும் பாதிக் காத்த புடுங்கணும். அப்பதான் டயர் அகலமா ஒக்காரும்."

"மேடம், ஷோரூம்ல என்ன..." என்று ஆரம்பித்த சதீஷ்குமாரை நந்தகோபால் கையமர்த்தினார். "அவ சொல்றத செய்யிப்பா."

காற்று இறங்கியது. சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டினார்கள். பிடிமானத்துக்குக் கல் இல்லை, பலகை இல்லை. கண்ணில் பட்டதெல்லாம் இறக்கி வைத்த ஒன்பது லுங்கிக் கட்டுதான். தேவிகா தயங்கினாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"மாமா, அதுல செகண்ட்ஸ் எத்தன?"

நந்தகோபால் அவளையும் கட்டுகளையும் பார்த்தார். புரிந்துவிட்டது. கழிவுச் சரக்கின் கட்டுமேல் நீலச் சாக்பீஸ் கோடு இருக்கும். அப்படி மூன்று கட்டு இருந்தன. பிரித்து, மடித்து, சக்கரத்துக்கு முன்னால் பாதையாகப் போட்டார்கள்.

பார்த்திபன் ஏறி உட்கார்ந்தான். மற்ற மூவரும் தள்ளினார்கள். அவன் எடுத்த எடுப்பிலேயே முழு மிதி மிதித்தான். சக்கரம் லுங்கிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பின்னால் வீசியது. ஒரு கட்டம்போட்ட லுங்கி பறந்து போய்ச் சதீஷ்குமாரின் முகத்தில் மூடிக்கொண்டது. மூன்று கட்டும் மணலோடு மணலாயின. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

மிச்சம் ஆறு கட்டு. அதெல்லாம் முதல் தரம். மேல்விஷாரம் வியாபாரி ஜியாவுதீன் பாய்க்கு நாளைக் காலை போகவேண்டிய சரக்கு. அவசரத்தில் கைக்கு எட்டியதை ஏற்றியிருக்கிறார்கள்.

மணி நாலேகால். நந்தகோபால் கொஞ்ச நேரம் அந்தக் கட்டுகளைப் பார்த்தபடி நின்றார். அவர் கையால் நூல் தேர்ந்து, மூன்று தண்ணீர் பார்த்து நெய்தவை. பிறகு உட்கார்ந்து முதல் கட்டின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நைனா!" என்று பார்த்திபன் பதறினான்.

"மண்ணுல பொரண்டா அலசிக்கலாம்டா. சாயம் போவாது, அது என் சரக்கு. பாய்க்கு நான் பேசிக்கறேன், ரெண்டு நாள் தள்ளிக் குடுக்கறேன்னு." எழுந்து நின்றார். "ஆனா இந்தத் தடவ தள்றதுக்கு நீ வா. ஒனக்கு கால்ல நிதானம் இல்ல. ஆம்பள மூணு பேரும் தள்ளுவோம். தேவிகா, நீ ஏறு."

தேவிகா லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் ஒருவர் அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை.

சீட்டை முன்னால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாள். ஐந்தடி உயரத்துக்கு அந்த பானட் சுவர்போல மறைத்தது. இறங்கி வந்து நான்கு லுங்கியை மடித்துச் சீட்டில் போட்டு உட்கார்ந்தாள். இப்போது ஆறு தெரிந்தது.

இரண்டாவது கியர். கிளட்சை மயிரிழையாக விட்டாள். ஆக்ஸிலேட்டரின்மேல் கால் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாதபடி வைத்திருந்தாள். பின்னால் நந்தகோபால், "ஐலசா... தள்ளு!" என்று குரல் கொடுத்தார். சக்கரம் துணியைப் பிடித்தது. வண்டி முனகியது, முன்னும் பின்னும் ஆடியது, பிறகு ஒரு பெருமூச்சோடு மேலே ஏறியது.

"நிறுத்து, நிறுத்து" என்று பார்த்திபன் கத்தினான். அவள் நிறுத்தவில்லை. நடு மணலில் நிறுத்தினால் மறுபடி உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே அரைவட்டம் அடித்து, கரை மேட்டில் ஏற்றி, கெட்டித் தரையில்தான் பிரேக்கை மிதித்தாள். அழுகை வரும்போலவும் இருந்தது, கைதட்டவேண்டும்போலவும் இருந்தது.

மூன்று ஆண்களும் தலையிலிருந்து கால்வரை மணலோடு, தோளில் லுங்கிக் குவியலைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். பார்த்திபன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து கையை நீட்டினான்.

"சூப்பர் தேவி. எறங்கு, நான் ஓட்றேன்."

"பார்த்தி, நீ பின்னாடி ஏறு" என்றார் நந்தகோபால்.

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறினார். பார்த்திபன் ஒரு நொடி நின்றான், பிறகு அழுக்கு லுங்கிகளுக்கும் சதீஷ்குமாருக்கும் நடுவில் போய் அடைந்துகொண்டான். நந்தகோபாலுக்குச் சீட் பெல்ட் போடத் தெரியாது. மருமகள் மாட்டிவிட்டாள்.

பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது தேவிகாவின் செல் அடித்தது. திரையில் 'சௌமியா மேடம்'. மணி நாலு ஐம்பத்திரண்டு. அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள், முன்னால் ஒரு கரும்பு லாரி. நந்தகோபால் செல்லை எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் மேடம். தேவிகா மாமனார் பேசறேன். அவ வண்டி ஓட்டிக்கினு இருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா, அவதான் ஓட்றா. ஓரங்கட்டிட்டு அவளே பேசுவா."

செல்லை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னா சொல்லப் போற?"

"வர்றேன்னு சொல்லப் போறேன் மாமா."

"தெனம் அறுவது போயி அறுவது வரணும்."

"தெரியும் மாமா."

"லாரிங்க ஜாஸ்தி அந்த ரோட்ல."

"தெரியும்."

நந்தகோபால் தலையை ஆட்டினார். "ஆத்துலேந்தே ஏத்திட்ட. ரோட்ல என்ன. சொல்லு."

புளியமரத்தடியில் நிறுத்தி அவள் சொன்னாள். ஒரே வரிதான். "ராணிப்பேட்டைக்கு வர்றேன் மேடம்." ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன வாக்கியங்களிலேயே மிக இனித்தது அதுதான். செல்லை வைத்துவிட்டுச் சாவியைத் திருகினாள்.

வண்டி மறுபடி கிளம்பியதும் நந்தகோபால் கேட்டார். "அப்ப எந்த வண்டின்னு நீயே சொல்லு. ஓட்டப்போறவ நீ."

"பெலிக்கன் மாமா. ஆனா டாப் மாடல் வேணாம், கூரை தெறக்கறதும் வேணாம். சீட்டு ஒசரமாக்கிக்க வசதி இருக்கணும், ஏர்பேக் ஆறும் இருக்கணும். கடைசி வரிசைல நம்ம வீட்ல உக்கார ஆளில்ல, மடக்கியே வெச்சா சரக்கு போவும். இந்தக் கொமோடோ வருஷத்துல ஒரு நாளைக்குதான். மீதி நாளெல்லாம் பானட் மறைச்சு எனக்கு ரோடே தெரியாது."

"அந்த ஒரு நாளைக்கு?"

"டிராக்டர் வாடகைக்கு எடுக்கலாம். அன்பரசன் மாமாகிட்ட இல்ல, வேற ஆளுகிட்ட."

நந்தகோபால் அன்றைக்கு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "சதீஷு, கேட்டுக்கினியா? எழுதிக்க. பெலிக்கன்."

தேவிகா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். பார்த்திபன் முகம் வெளுத்திருந்தது. சதீஷ்குமார் அவன் காதருகே குனிந்து, தான் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்.

"சார், அப்ப போன புதன்கிழம நீங்க கொமோடோவுக்குக் கட்டுன அட்வான்ஸ்?"

நந்தகோபால் விருட்டென்று பின்னால் திரும்பினார். சீட் பெல்ட் அவரை இழுத்து அதே இடத்தில் உட்காரவைத்தது. அவர் அதைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார்.

"தேவிகா, இத எப்டிம்மா கழட்றது?"

"வண்டி ஓடும்போது கழட்டக் கூடாது மாமா" என்றாள் தேவிகா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது.